படிவத்தில் ஒரு கட்டம், வீட்டில் ஐந்து வயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயக் குடும்பங்களின் உணவுப் பாதுகாப்பு என்று நம் பத்திரிகைகளில் வருகிற செய்திகளை நான் விடாமல் வாசிக்கிறவள். 2022 இல் இலங்கையில் 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவில்லை என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சொன்னார்கள், அடுத்த வருடம் அது 39 இலட்சமாகக் குறைந்துவிட்டது என்றார்கள், இரண்டையும் நீங்கள் எல்லோரும் தலைப்பில் போட்டீர்கள். சரி, நல்லது. ஆனால் இந்த மாதிரிக் கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. வீட்டுக்கு ஒருவரிடம் கேட்பார்கள், அந்த வீட்டுக்கு ஒரு முடிவு போடுவார்கள், பிறகு அந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதே முடிவு. தகப்பனுக்குச் சாப்பாடு போதுமென்றால் தாய்க்கும் போதும், கிழவிக்கும் போதும், பள்ளிக்கூடம் போகிற பெட்டைக்கும் போதும். என் வழக்கு இதோடுதான்.

நான் இப்போது பெட்டாவில் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கொழும்புக்கு வருமுன் ஊரில், கிளிநொச்சிப் பக்கம், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற தற்காலிக வேலை பார்த்தேன். அந்த வேலையில் பார்த்த ஒரு வீட்டைச் சொன்னால் என் கணக்கு விளங்கும்.

இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இரண்டு ஏக்கர் வயல். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், தகப்பனின் தாய், ஆக ஐந்து பேர். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள், தேத்தண்ணீர் வந்தது, கேள்விகளுக்கெல்லாம் ஐயாதான் பதில் சொன்னார். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் மீன் சாப்பிட்டீங்கள் என்று கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்து "நாலு நாள்" என்றார். பொய்யில்லை, சொந்தக்காரர் ஒருவர் குளத்தில் வலை போடுகிறவர், மீன் வந்துகொண்டுதான் இருந்தது. படிவம் முடிந்து குசினிப் பக்கம் போனபோது அந்த அக்காவிடம் சும்மா கேட்டேன், மீனை எப்படிப் பங்கு போடுவீங்கள் என்று. "நடுத்துண்டு இவருக்கு, வயலுக்குப் போறவரெல்லோ. மற்றத் துண்டு ரெண்டும் பிள்ளையளுக்கு. தலை மாமிக்கு, அவவுக்குத் தலையெண்டால் விருப்பம்." உங்களுக்கு? "எனக்கென்ன, சட்டிக்குள்ள சோத்தைப் போட்டுப் பிரட்டினால் அதைவிட ருசி வேறை இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தா. அன்று காலை புல் பிடுங்கப் போன சேறு அவவின் முழங்கால் வரை காய்ந்து கிடந்தது. வயலுக்குப் போகிறவர் யார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

இனி அந்தப் படிவத்தின் கணக்குக்கு வருகிறேன். உலக உணவுத் திட்டம் பாவிக்கிற உணவு நுகர்வுப் புள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஏழு நாளில் ஒவ்வொரு வகை உணவும் எத்தனை நாள் சாப்பிடப்பட்டது என்று கேட்டு, அந்த நாளை ஒரு நிறையால் பெருக்குவார்கள். சோறு, பாண், கிழங்குக்கு 2, பருப்பு பயறுக்கு 3, மரக்கறிக்கு 1, பழத்துக்கு 1, மீன், இறைச்சி, முட்டைக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை அரை. எண்ணெயும் சீனியும் அன்றாடம் சேர்கிற இடங்களில் மொத்தம் 42 ஐத் தாண்டினால் அந்த வீடு ஏற்றுக்கொள்ளத்தக்க நிலையில் இருக்கிறது, 28 க்கு மேல் போகாவிட்டால் மோசம், இரண்டுக்கும் இடையில் விளிம்பு. நம் ஊர் வீடொன்றை இதில் போட்டுப் பாருங்கள். சோறு ஏழு நாளும், அது 14. மரக்கறி ஏழு நாளும், 7. எண்ணெயும் சீனியும் சேர்த்து இன்னொரு 7. பருப்பு மூன்று நாள், 9. மீன் நாலு நாள், 16. கூட்டினால் 53. வீடு தேறிவிட்டது, அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

இதே கணக்கைச் சட்டியில் சோறு பிரட்டுகிற அந்த அக்காவுக்கு மட்டும் தனியாகப் போட்டால்? ருசிக்குப் பட்ட சொற்பத்தை மீன் சாப்பிட்டதாக எண்ணக்கூடாது என்பது அந்தப் புள்ளிக்கணக்கின் சொந்த விதி. ஆகவே அவவின் மீன் பூச்சியம். 53 இல் 16 போக 37. அதே வீடு, அதே உலை, அதே அடுப்பு, புருஷன் தேறிவிட்டார், பெண்சாதி விளிம்பில் நிற்கிறா. இது குடும்பத்துக்கான புள்ளிதானே, தனி ஆளுக்குப் போடலாமா என்று விபரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன், குடும்பத்துக்கான புள்ளியை வைத்துக்கொண்டு ஆட்களைப் பற்றிச் செய்தி போடலாமா?

இன்னொரு கேள்விக்கொத்தும் உண்டு, சமாளிப்பு முறைகள் என்று. விலை குறைந்த சாப்பாட்டுக்கு மாறினீர்களா, கடன் வாங்கிச் சாப்பிட்டீர்களா, அளவைக் குறைத்தீர்களா, ஒரு நேரத்தை விட்டீர்களா, பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்களா. அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாவற்றிலும் கூடிய நிறை, 3. அதாவது அது பாரதூரமான விஷயம் என்று அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களுக்கே தெரியும். ஆனால் ‘பெரியவர்கள்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எந்தப் பெரியவர்? வன்னியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் எந்தப் பெரியவர் என்று, படிவத்துக்கு மட்டும் தெரியாது.

ஆண்களைத் திட்டுவதற்கு இதை எழுதுகிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். நடுத்துண்டை அந்த ஐயா பறித்து எடுக்கவில்லை, வைத்தவ அவதான், கடைசியாக இருந்து சாப்பிட வேண்டும் என்று அவவுக்கு அவவின் தாய் பழக்கியிருப்பா. பிரச்சினை என்னவென்றால், கேட்கிறவர்களும் அந்த வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவவைக் குசினிக்குள் விட்டுவிட்டு முற்றத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ‘எனக்குப் பசிக்கேல்லை’ என்று ஒரு பெண் சொன்னால் அது அங்கே போதிய உணவு என்று பதிவாகிறது.

ஆண் பெண் வித்தியாசம் பார்க்கிறோம் என்று சொல்கிற அறிக்கைகளும் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒப்பிடுவது ஆண் தலைமைத்துவக் குடும்பத்தையும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தையும். இலங்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமையில் இருக்கிறது, வடக்குக் கிழக்கில் யுத்தம் தின்ற குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்களுக்கு இருக்கிற கஷ்டம் உண்மை. புருஷன் இருந்தால் அவன் செய்கிற வேலை எல்லாம் அவளுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிற வேலை, வரம்பு கட்ட ஆள், மருந்தடிக்க ஆள். வாய்க்கால் முறை இரவில் வந்தால் தனியாக டோர்ச் லைட்டோடு போய் நிற்கவும் முடியாது, போகாவிட்டால் மேல்வயல்காரன் மடையைத் திருப்பிவிடுவான். கூலிக்குப் போனாலோ அதே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, இதை யாரும் ஒளித்தும் கொடுப்பதில்லை. இதெல்லாம் எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒப்பீட்டில், புருஷன் உயிரோடு பக்கத்தில் இருக்கிற மூன்று பங்குப் பெண்கள் ‘ஆண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற பெட்டிக்குள் போய் மறைந்துவிடுகிறார்கள். சட்டியில் சோறு பிரட்டுகிறவ அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறா.

உலகக் கணக்கில் ஆண் பெண் வித்தியாசம் தெரிவதற்குக் காரணம், அங்கே ஆளைக் கேட்டார்கள். உணவு விவசாய நிறுவனம் எட்டுக் கேள்வி வைத்திருக்கிறது, சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று யோசித்தீர்களா என்பதில் தொடங்கி, ஒரு முழுநாள் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது வரை. அதைக் குடும்பத்திடமும் கேட்கலாம், தனி ஆளிடமும் கேட்கலாம். ஆளிடம் கேட்டபோது 2022 இல் உலகத்தில் பெண்களில் 27.8 வீதமும் ஆண்களில் 25.4 வீதமும் மிதமான அல்லது கடும் உணவுப் பாதுகாப்பின்மையில் இருந்தார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதற்கு முந்தின வருடம், கொவிட்டின் சூட்டில், அது 3.8 புள்ளியாக இருந்தது. நெருக்கடி வந்தால் முதலில் யாருடைய கோப்பை குறைகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

நம் நெருக்கடியையும் யோசியுங்கள். 2021 இல் இரசாயன உரத்தைத் திடுதிப்பென்று நிறுத்தினார்கள், அந்தப் பெரும்போகம் வயல் மஞ்சளாக நின்றதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதாவது நானும் நீங்களும் வாங்குகிற விலை. கடையில் காலையில் எழுதின விலையை மத்தியானம் வெட்டி எழுதின காலம் அது. விவசாயிக்கு என்ன, அவன் வீட்டில் நெல் இருக்குமே என்று அப்போது கொழும்பில் பலர் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். தை, மாசி கழிந்ததும் கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மூடை புது அரிசி வந்து இறங்கும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிற கதை அது. அந்த மூடையை அனுப்பிய வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அறுவடையோடு நெல் களத்திலேயே கை மாறிவிடும், ஏனென்றால் உழவு மெசின்காரனும் உரக்கடைக்காரனும் வெட்டு மெசின்காரனும் வாசலில் நிற்பார்கள், வங்கிக் கடன் வேறு. விலை ஆகக் குறைந்து கிடக்கிற நாளில் விற்று, விலை ஏறின பிறகு அதே நெல்லை அரிசியாகக் கிலோக் கணக்கில் கடன் கொப்பியில் எழுதி வாங்குகிறார்கள். மூலையில் கட்டி வைத்த விதைநெல்லில் கைவைக்க முடியாது. அந்த இரண்டு மூன்று மாதமும் உலையில் போடுகிற அரிசியை ஒரு சுண்டு குறைக்கிறது யார், குறைத்ததை யாருடைய கோப்பையில் கழிக்கிறது என்று தீர்மானிக்கிறது யார் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்குள் நுண்கடன்காரன் கிழமைக்கு ஒருநாள் வந்து நிற்பான், அதுவும் அவவின் பெயரில் எடுத்த கடன். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் எந்த அளவுக்குப் போயிருந்தது என்று பாருங்கள்.

கடன் அவவின் பெயரில், சரி. காணி? மானியம்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பெயர், குறிக்கப்படாவிட்டால் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார் என்று அந்தச் சட்டம் எண்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது, 2022 இல்தான் திருத்தினார்கள். யாழ்ப்பாணத்தார் நமக்கு அந்தக் குறை இல்லை, நாங்கள் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுக்கிறவர்கள் என்பார்கள். உண்மை, உறுதி அவவின் பெயரில் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின்படி கலியாணம் முடித்தவ அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பயிரிடுகிறவர் என்று கமநல சேவை நிலையப் பட்டியலில் இருப்பதும் அநேகமாகப் புருஷன் பெயர்தான். உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்றால் அது பட்டியலில் இருக்கிறவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணீர் எப்போது திறப்பது, எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகம் என்று கை உயர்த்துகிறவரும் அவரே. அவர் கட்டாருக்குப் போயிருந்தால்? விதைக்கிறது அவ, தண்ணீர் கட்டுகிறது அவ, பட்டியலில் இருக்கிறவர் மட்டும் டோஹாவில்.

பெயர் யாருடையது என்பதற்கும் உலையில் எவ்வளவு கொதிக்கிறது என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. கிறிஸ்டோபர் உட்ரி என்ற பொருளியலாளர் 1996 இல் புர்கினா பாசோ பற்றி எழுதிய ஆய்வு இந்தத் துறையில் பிரசித்தமானது. அங்கே ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு துண்டு நிலம், பெண்சாதிக்கு ஒரு துண்டு. ஒரே வருடம், ஒரே பயிர், அப்படியிருந்தும் பெண்ணின் துண்டில் விளைச்சல் ஏறத்தாழ 30 வீதம் குறைவு. அவளுக்கு விவசாயம் தெரியாததால் அல்ல. எருவும் கூலியாளும் முதலில் புருஷனின் துண்டுக்குப் போகின்றன. எருவையும் ஆளையும் இரண்டு துண்டுக்கும் ஒழுங்காகப் பிரித்திருந்தால் அந்த வீட்டின் மொத்த விளைச்சலே 6 வீதம் வரை கூடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வீடு என்றால் ஒரே மனசு, ஒரே வயிறு என்று நினைக்கிறவர்களுக்கு அந்த 6 வீதம்தான் பதில். பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக விதை, உரம், கடன், நிலம் கிடைத்தால் அவர்களின் விளைச்சல் 20 முதல் 30 வீதம் கூடும், உலகத்தில் பசித்திருப்போர் தொகை 12 முதல் 17 வீதம் குறையலாம் என்று உணவு விவசாய நிறுவனமே 2011 இல் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்தது எழுதி வைத்தபடி இருக்கிறது.

மலையகத்தைப் பற்றி நான் எழுதவில்லை, அங்கே கொழுந்துக்கூடையோடு காலை வெறும் தேத்தண்ணீரில் மலை ஏறுகிறவர்களின் கதை வேறு கடிதம், அதை அங்கே இருந்து யாராவது எழுதினால் நல்லது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. படிவத்தோடு போகிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கு இன்னுமொரு பத்து நிமிடம் கொடுங்கள், அந்தப் பத்து நிமிடம் குசினிப் பக்கம், புருஷனும் மாமியும் இல்லாத இடத்தில். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கென்று ஏற்கனவே ஓர் அளவுகோல் இருக்கிறது, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை பத்து வகை உணவில் எத்தனை வகை அவள் வாயில் பட்டது என்று கேட்பது, குறைந்தது ஐந்து வகை தேற வேண்டும். அதைக் கேட்பதற்குப் பட்டதாரி வேண்டாம், ஓ. எல். படித்த பிள்ளை போதும். திரிபோஷா என்று அரசாங்கம் கொடுக்கிற சத்துமா விஷயத்தையும் அதே பத்து நிமிடத்தில் கேட்கலாம். கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுத்த பை வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் உருண்டையாகப் போகிறது, மருத்துவமாதுவின் புத்தகத்திலோ தாய்க்கு வழங்கப்பட்டது என்றுதான் இருக்கும். அப்புறம் கமநல சேவை நிலையப் பட்டியலில் காணிக்காரர் யார் என்பதோடு, இந்தப் போகம் உண்மையில் செய்கிறவர் யார் என்றும் ஒரு நிரல் சேர்த்து, மானியத்தை அந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து செய்தால் இருவர் பெயரும் போடலாம், கட்டம் சின்னதாக இருந்தால் பெரிதாக்கலாம், அச்சுக்கூலி கூடிவிடாது.

உங்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது, ஆசிரியரே. அடுத்த தடவை இத்தனை குடும்பங்கள் பாதுகாப்பான நிலைக்கு மீண்டுவிட்டன என்று ஒரு அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது, அதை வெளியிட்டவர்களுக்கு ஒரு போன் எடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் பெண்கள், அவர்களைத் தனியாகக் கேட்டீர்களா என்று விசாரியுங்கள். பதில் வந்தால் அதையும் செய்தியோடு சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.